திருச்சி வானொலியின் காலை மெட்டும் ஒரு யூத அகதியும்

இது நீளமான பதிவு. நேரமுள்ளபோது ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்ட் எழுத வேண்டாம் என்பது மட்டும் வேண்டுகோள்.

கையடக்கத் தொலைபேசிக்கு முந்திய காலத்தில் மாத்தளைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு மெட்டு ஞாபகமிருக்கும். விடியற்காலையில் ரேடியோவைத் திருகித் திருகி திருச்சியைப் பிடித்தால், செய்திக்கு முன்னால், பாட்டுக்கு முன்னால், வணக்கம் சொல்வதற்கும் முன்னால் அது வரும். அடியில் ஒரு தம்புரா. அதற்கு மேலே ஒரு வயலின் மெதுவாக ஏறி இறங்கும். அவ்வளவுதான். அகில இந்திய வானொலியின் நிலையங்கள் எல்லாம் அந்த மெட்டோடுதான் கண் விழித்தன. சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் எத்தனையோ வீடுகளில் அது கேட்டது.

அந்த மெட்டை அமைத்தவராகப் பரவலாக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன். அவர் ஒரு யூதர். ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்த அகதி.

ஏன் இப்போது இவரைப் பற்றி எழுதுகிறேன்? சில வாரங்களுக்கு முன் எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு செய்தி சுற்றியது. "ரிவர்ஸ்டன் பக்கம் யூதன் வந்தா வண்டில ஏத்த வாணாம், சாப்பாடும் குடுக்க வாணாம்." யாரோ ஒருவர் கேட்டார், யூதன் என்று எப்படித் தெரியும் என்று. உடனே பதில் வந்தது: "மொகத்த பார்த்தா வெளங்கும் தானே." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

காஸாவைப் பார்த்து நெஞ்சு எரிகிற கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் "முகத்தைப் பார்த்தால் விளங்கும்" என்ற வசனம் சரித்திரத்தில் எங்கெங்கே சொல்லப்பட்டது, அதன் பிறகு என்ன நடந்தது என்பது சரித்திரம் படிப்பிக்கிற எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

காஃப்மன் 1907இல் கார்ல்ஸ்பாத் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. பேர்லினில் இசை படித்தார். பிறகு பிராக் நகரின் ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் இசையியலில் ஆய்வு செய்தார். ஆய்வு முடிந்து கலாநிதிப் பட்டம் கைக்கு வரும் நேரத்தில் ஒரு விஷயம் தெரியவந்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் குஸ்தாவ் பெக்கிங் உள்ளூர் நாஸி இளைஞர் அமைப்பின் தலைவர். காஃப்மன் அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார். ஒரு சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலைகிற எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அந்த மறுப்பின் விலை விளங்கும்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அடுத்த வருடமே, 1934இல், காஃப்மன் பம்பாயில் வந்து இறங்கினார். இந்தியா மீது பெரிய காதல் ஒன்றும் இருக்கவில்லை. விசா எளிதாகக் கிடைத்தது, அதனால் வந்தேன் என்பதுதான் அவரே சொன்ன காரணம். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணம். கடைசியில் இருந்தது 12 வருடங்கள்.

வந்த புதிதில் இந்திய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். ஒன்றுமே விளங்கவில்லை. காதுக்கு முற்றிலும் அந்நியமாக இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர் பலர் அந்த இடத்திலேயே 'இது இசையே இல்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். காஃப்மன் வேறு மாதிரி யோசித்தார். அறிவும் மனசும் உள்ள மனிதர்கள்தான் இந்த இசையைச் செய்திருக்கிறார்கள். கோடிக்கணக்கானோர் இதை நேசிக்கிறார்கள். அப்படியானால் குறை என் பக்கம்தான் இருக்க வேண்டும். போய்ப் படிக்க வேண்டியதுதான். அவர் கடிதத்தில் எழுதிய கருத்தின் சாரம் இது.

ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் எங்களுக்குச் சொல்லித்தந்ததை இந்த மனிதர் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். விளங்காத ஒன்றைப் பார்த்து முகம் சுளிப்பதா, உட்கார்ந்து படிப்பதா? அவர் படித்தார். அந்தப் படிப்பு சாகும்வரை முடியவில்லை.

பம்பாய்க்கு வந்த அதே வருடம் அவர் 'பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டி' என்ற சங்கத்தைத் தொடங்கினார். சேம்பர் மியூசிக் என்றால் மூன்று நான்கு பேர் ஒரு சிறு மண்டபத்தில் உட்கார்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை. வியாழக்கிழமை தோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. பியானோவில் காஃப்மன். வயலினில் மெஹ்லி மேத்தா, அவர் பார்ஸி. செல்லோவில் எடிஜியோ வெர்கா. 1937 மே மாதம் வரை 136 கச்சேரிகள் நடந்திருந்தன. கையில் பெட்டியோடு வந்த ஓர் அகதி மூன்று வருடத்துக்குள் ஒரு நகரத்தில் இவ்வளவும் செய்திருக்கிறார். ஊர்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் பாடுபடுகிற நமக்கு அந்த 136 எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று தெரியும்.

1937 தொடக்கம் 1946 வரை அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவின் பணிப்பாளராக இருந்தவரும் இவரே. இந்தியக் கதையை வைத்து 'அனசூயா' என்ற வானொலி இசை நாடகம் செய்தார். திரைப்படங்களுக்கும் இசையமைத்தார்.

நமது காலை மெட்டு 1936ஆம் ஆண்டளவில் உருவானது. இசை தெரிந்தவர்கள் அதில் சிவரஞ்சனி ராகத்தின் சாயல் இருக்கிறது என்பார்கள். ஸ, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம் அது. காந்தாரம் தாழ்ந்திருப்பதால் கேட்கும்போது மனம் கொஞ்சம் கனக்கும். வயலினும் தம்புராவும் அதில் ஒன்றாக ஒலிக்கின்றன. மேற்கையும் கிழக்கையும் சேர்க்கிறேன் பார் என்று பறைசாற்றாமல் சேர்த்திருக்கிறார். முதல் ஒலிப்பதிவில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்று சொல்வார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர் ஸுபின் மேத்தாவின் தந்தைதான் இவர்.

இன்னொரு தகவலும் இருக்கிறது. 1940 முதல் இந்தியப் பிரிவினை வரை அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அஹ்மத் ஷா புகாரி. 'பத்ரஸ்' என்ற பெயரில் எழுதிய புகழ்பெற்ற உர்தூ நகைச்சுவை எழுத்தாளர். பின்னர் ஐ.நா.வில் பாகிஸ்தானின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர். ஆக, நிறுவனத்தின் தலைவர் ஒரு முஸ்லிம், பம்பாயில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பு ஒரு யூதர், வயலின் வாசித்தவர் ஒரு பார்ஸி. அந்த மெட்டு ஒலித்ததோ திருச்சியில் தமிழ் கேட்கக் காத்திருந்தவர்களின் வீடுகளில்.

வீட்டுப் பக்கம் பார்த்தால் துயரம். காஃப்மனின் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் சகோதரி எல்லியின் மகள். காஃப்கா 1924இலேயே காசநோயால் இறந்துவிட்டார். அவருடைய மூன்று சகோதரிகளையும் நாஸிகள் கொன்றார்கள். எல்லியும் வல்லியும் போலந்தின் லோட்ஸ் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வரவில்லை. ஒட்லா 1943இல் அவுஷ்விட்ஸில். பம்பாயில் காலை மெட்டு ஒலித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இவையும் நடந்தன. தன்னால் முடிந்ததை காஃப்மன் செய்தார். வில்லி ஹாஸ் என்ற எழுத்தாளர் 1939இல் பம்பாய்க்குத் தப்பி வர உதவியவர் அவர்தான். 1934இல் பம்பாயில் தொடங்கப்பட்ட யூத நிவாரணச் சங்கமும் அகதிகளுக்காக உத்தரவாதம் கொடுத்து உழைத்தது.

இதே பேர்லினில் இசை படித்த இன்னொரு யூதரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். எடி ரோஸ்னர். 1910இல் பேர்லினில் பிறந்தவர், ட்ரம்பெட் கலைஞர். ஜாஸ் இசையில் ஐரோப்பாவின் முன்வரிசை ஆள். 'வெள்ளை லூயி ஆம்ஸ்ட்ரோங்' என்று அவரைச் சொல்வார்கள். ஹிட்லர் வந்ததும் அவருக்கு ஜேர்மனியில் இடமில்லாமல் போனது. போலந்தில் இசைக்குழு நடத்தினார். 1939இல் ஜேர்மன் படை போலந்துக்குள்ளும் வந்தது. கிழக்கே சோவியத் பக்கம் தப்பினார். அங்கே பெலாரஸ் அரச ஜாஸ் இசைக்குழுவின் தலைவரானார். 1941இல் சோச்சி நகரில், ஆளே இல்லாததுபோல் இருட்டாகக் கிடந்த ஓர் அரங்கில் வாசிக்கச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஸ்டாலின் என்று பிறகு தெரிந்தது. யுத்தம் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற முயன்றார் என்று 1946இல் கைது. சைபீரியாவுக்கும் அப்பால், கோலிமா என்ற உறைபனிப் பிரதேசத்துக் கைதிமுகாம். அங்கேயும் கைதிகளைச் சேர்த்து ஓர் இசைக்குழு நடத்தினார். விடுதலை 1954இல்.

1946ஆம் வருடத்தைக் கொஞ்சம் பாருங்கள். காஃப்மன் கப்பலேறி பம்பாயிலிருந்து புறப்பட்ட வருடம் அது. ரோஸ்னர் கைதான வருடமும் அதுவே. இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, படித்த ஊர் ஒன்று, திறமைக்கும் குறைவில்லை. ஒருவர் போன ஊர் அவரை இருக்கவிட்டது, போக நினைத்தபோது போகவும் விட்டது. மற்றவரை முதலில் யூதன் என்று விரட்டினார்கள், பிறகு துரோகி என்று அடைத்தார்கள். அவர் என்ன செய்தார் என்பதை விட அவர் யார் என்பதே எல்லா இடத்திலும் கேள்வியாக இருந்தது.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 1939 செப்டெம்பரில் யுத்தம் தொடங்கியதும் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் இருந்த ஜேர்மானியர்களை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்தது. அவர்களில் சீக்மண்ட் ஃபெனிகர் என்ற ஒருவர் இருந்தார். 1901இல் ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து தொடந்தூவைப் பக்கத்துத் தீவு மடத்தில் பௌத்த துறவியானார். நாஸிகளிடமிருந்து தப்பிய தன் தாயையும் 1939இல் இலங்கைக்கு அழைத்து வந்திருந்தார். ஹிட்லருக்கு அவர் யூதர். பிரித்தானியருக்கு அவர் ஜேர்மானியர். தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள், பிறகு இந்தியாவின் டெஹ்ராடூன் முகாம். யுத்தம் முடிந்து 1946இல்தான் திரும்பி வந்தார். அவர்தான் ஞானபோனிக தேரர். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம்மூரிலிருந்து கண்டி எவ்வளவு தூரம்? 1994இல் மரணிக்கும் வரை அந்த மனிதர் அங்கேதான் வாழ்ந்தார்.

காஃப்மனின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1947இல் கனடாவின் ஹலிஃபக்ஸ் நகரில் பியானோ கற்பித்தார். 1948 தொடக்கம் ஏறக்குறைய பத்து வருடம் வின்னிபெக் சிம்ஃபனி இசைக்குழுவின் முதல் இசை இயக்குநர். 1957இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். 1984இல் இறக்கும் வரை அந்த ஊரே அவர் ஊர். அங்கிருந்துதான் பம்பாயில் தொடங்கிய படிப்பைப் புத்தகங்களாக எழுதினார். 1968இல் வட இந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய நூல். 1976இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி இன்னொன்று. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்களும் அவற்றின் பிள்ளை ராகங்களும் மேற்கத்திய மாணவர்களுக்கு விளங்கும்படி சுரம் எழுதித் தந்தார். 'மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஓர் இசைத் துண்டும் அவருக்கு உண்டு, 1948ஆம் ஆண்டுக்கானது. முதல் நாள் கேட்டபோது ஒன்றும் விளங்காத ஒரு மனிதர் கடைசியில் அந்த இசைக்கே ஆசிரியரானார்.

அவருடைய சொந்த இசையை உலகம் நீண்டகாலம் மறந்திருந்தது. 2020இல்தான் கனடாவின் ஏ.ஆர்.சி. என்ற குழு அவருடைய சேம்பர் இசைப் படைப்புகளைத் தேடியெடுத்து இசைத்தட்டாக வெளியிட்டது.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

2018 மார்ச்சில் திகனையில் என்ன நடந்தது? ஒரு சண்டை, ஒரு மரணம். அதைச் செய்தவர்கள் பிடிபட்டும் இருந்தார்கள். ஆனால் எரிந்தது அவர்களுடைய வீடு மட்டுமா? சம்பந்தமே இல்லாதவர்களின் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு என்ன நடந்தது? குண்டு வைத்தவர்கள் ஒரு சிறு கூட்டம். பதில் சொல்ல வேண்டியிருந்தது நாம் எல்லோரும். பஸ்ஸில் அபாயா போட்ட உம்மாமார் ஏறினால் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்று செய்தி சுற்றியது. மே மாதத்தில் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. யார் நல்லவர் யார் கெட்டவர் என்று எப்படித் தெரியும் என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். அன்றைக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்: முகத்தைப் பார்த்தால் விளங்கும்.

அந்த நாட்களில் நமக்காகப் பேசிய சிங்கள, தமிழ் நண்பர்களை இன்றைக்கும் நாம் மறக்கவில்லை. 'இது அவர்கள் எல்லோரும் செய்ததில்லை' என்ற ஒரு வசனத்தைத்தான் அவர்கள் சொன்னார்கள். நாம் அன்றைக்கு எல்லோரிடமும் கேட்டதும் அந்த ஒரு வசனத்தைத்தான்.

இப்போது அதைச் சொல்ல வேண்டிய முறை நம்முடையது.

இஸ்ரேல் என்ற அரசு செய்வது வேறு, யூதர் என்ற மக்கள் வேறு. 2023 ஒக்டோபரில் நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் யுத்தநிறுத்தம் கேட்டு உட்கார்ந்து, நூற்றுக்கணக்கில் கைதானவர்கள் யூதர்கள்தான். எங்கள் பெயரில் இதைச் செய்யாதே என்று தங்கள் சொந்த ஆட்களிடமே சொன்னார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்கு ரிவர்ஸ்டன் பனியைப் பார்க்க வந்தால் மொகத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பீர்கள்?

குண்டு போட்டவன், போடச் சொன்னவன், அதற்கு ஆயுதம் கொடுத்தவன், எல்லோரையும் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். ஊர்வலம் போங்கள். அந்த அரசுக்குப் பணம் போகும் பொருட்களைத் தவிருங்கள். சட்டத்தை மீறி இங்கே கடை நடத்துகிறார்கள் என்றால், எந்த நாட்டவராக இருந்தாலும் உரிய இடத்தில் முறையிடுங்கள். இவை எல்லாம் செயலைப் பார்த்து வருகிற நியாயமான எதிர்ப்பு. பிறப்பைப் பார்த்து வருகிற வெறுப்பு வேறு சாமான். அது பலஸ்தீனப் பிள்ளை ஒன்றின் வயிற்றையும் நிரப்பாது.

ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவரிடம் கணக்குக் கேட்கப்படாது என்று சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதியவர்கள் நாம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற ஹதீஸும் நமக்குத் தெரியும். இவற்றை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். வட்ஸ்அப்பில் மறந்துவிடுகிறோம்.

இசை கேட்பது ஆகுமா ஆகாதா என்று சில நண்பர்கள் கொமெண்டில் தொடங்குவார்கள் என்று தெரியும். அது உலமாக்களின் விஷயம், நான் அதற்குள் போகவில்லை. நான் எழுதியது ஒரு மனிதரின் வாழ்க்கையை. வந்த ஊருக்கு அவர் என்ன கொடுத்தார், அந்த ஊர் அவருக்கு என்ன கொடுத்தது என்பதை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் 11 சரித்திரப் பாடத்தில் இரண்டாம் உலக யுத்தம் வரும்போது திகதிகளையும் ஒப்பந்தங்களையும் மட்டும் பாடமாக்கி விடாதீர்கள். காஃப்மனைச் சொல்லுங்கள், ரோஸ்னரைச் சொல்லுங்கள், தியத்தலாவை முகாமைச் சொல்லுங்கள். அதே பாடவேளையில் 1948இல் வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட பலஸ்தீன மக்களையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பதில்லை. பெரியவர்கள்தான் அப்படி நினைக்கிறோம். என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "ஸேர், அப்ப விரட்டுப்பட்ட ஆக்கள்ட பேர்லேயே எப்படி இன்னொரு சனத்த விரட்டினாங்க?" பரீட்சைத் தாளில் இல்லாத கேள்வி. அடுத்த இரண்டு பாடவேளையும் அதற்கே போனது.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வீட்டில் யாரையாவது திட்டும்போது 'யூதன்' என்ற சொல்லைப் பாவித்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள். நம் பிள்ளையின் மார்க்கத்தின் பெயரை வேறொரு வீட்டில் வேறொரு பிள்ளை அதே மாதிரி பாவிக்கக் கூடாது என்று நாம் விரும்புகிறோமா இல்லையா?

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், கண்ணியமாக எழுதுங்கள். அந்தக் காலை மெட்டை திருச்சியிலோ தூத்துக்குடியிலோ கேட்ட ஞாபகம் உள்ள மூத்தவர்கள் எந்த ஊரில் எந்த வருடம் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

காஸா மக்களுக்கு அல்லாஹ் விடிவைத் தருவானாக.